அடிக்கடி இளைக்கும் குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

மூக்கு ஒழுகத் தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இருமல். அன்றிரவே மூச்சு இளைப்பு. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, நெபுலைசர் (மருந்தைப் புகைபோல மாற்றி மாஸ்க் வழியாகக் கொடுக்கும் கருவி) வைத்து, விடியற்காலையில் வீட்டுக்கு வந்தால் ஒரு மாதம் பிரச்சினை இருக்காது. அடுத்த சளியில் மறுபடி முதலிலிருந்து. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் எத்தனையோ வீடுகளில் நடப்பது இதுதான்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் குழந்தையைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வார். அந்த மருந்து நெஞ்சுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா, ஆபத்து வரும்போது நேரத்தில் தெரிகிறதா என்பவை வீட்டில் இருப்பவர்கள் பொறுப்பு. பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இரண்டில்தான். இளைப்பு வந்தபிறகு, பதற்றத்தில், அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு இவற்றைக் கற்க முடியாது. குழந்தை நன்றாக இருக்கும் நாளில் பழகிவிடுங்கள்.

வீசிங் என்றால் ஆஸ்துமாவா?

சிறு குழந்தையின் மூச்சுக்குழாய்கள் மிக மெல்லியவை. சளிக் காய்ச்சல் வைரஸ் தொற்றினால் அவற்றின் உட்சுவர் வீங்குகிறது, கோழை சேர்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்ளே போன காற்று வெளியே வரச் சிரமப்படும்போது கேட்கும் விசில் சத்தம்தான் வீசிங். நம் வீடுகளில் இதை ‘நெஞ்சுச் சளி’ என்று சொல்வதால், சளியை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்றே யோசனை ஓடுகிறது. வீக்கமும் இறுக்கமும் குறைந்தால் மூச்சு தானாக இலகுவாகும். கோழையைக் கரைக்கும் சிரப் இந்த இரண்டையும் தொடுவதே இல்லை.

ஒருமுறை வீசிங் வந்த குழந்தைக்கெல்லாம் ஆஸ்துமா என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு 1995இல் வெளியானது. மூன்று வயதுக்குள் வீசிங் வந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகிப்பதற்குச் சில காரணங்கள் உண்டு: சளி இல்லாதபோதும் ஓடினால், சிரித்தால், அழுதால் இருமல் வருவது; நள்ளிரவில் இருமி எழுவது; தோலில் கரப்பான்; அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா. தினசரித் தடுப்பு மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்து நன்றாகி, நிறுத்தியதும் திரும்ப வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஒரு வயதுக்குள் முதல்முறையாக வரும் இளைப்பு பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ் எனப்படும் வைரஸ் தொற்று. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. இன்ஹேலரும் பெரிதாக உதவாது.

இளைப்புபோலத் தெரியும் வேறு சிலவும் இருக்கின்றன. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ தின்னும்போது திடீரென்று புரையேறி, அதற்குப் பிறகு இருமல் விடவே இல்லை என்றால், மூச்சுக்குழாயில் அது சிக்கியிருக்கலாம். நான்கைந்து நாள் கழித்துக்கூட இந்தத் தகவலை டாக்டரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் ஈர இருமல், எடை ஏறாமை, பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறுவது, பிறந்த நாளிலிருந்தே சத்தத்துடன் மூச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தையை முழுதாகப் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொன்று ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’, அதாவது குழந்தைகளுக்கு வரும் ஆரம்பநிலைக் காசநோய். அடிக்கடி இருமல், எடை குறைவு என்றதும் இந்தப் பெயரைச் சொல்லி ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. குழந்தைக்குக் காசநோய் வரும்தான். ஆனால் வீட்டில் யாருக்காவது இருந்ததா, தோல் பரிசோதனை என்ன சொல்கிறது, எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது, சளியையோ இரைப்பை நீரையோ எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆஸ்துமா பிள்ளைக்கு ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தால் இளைப்பு அப்படியேதான் இருக்கும்.

முதலில் மூச்சை எண்ணப் பழகுங்கள்

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. போனில் டைமர் வைத்து முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம்; சிறு குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது, கணக்குத் தப்பிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இது: இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. காய்ச்சலோ அழுகையோ இருந்தால் எண்ணிக்கை கூடும். காய்ச்சல் இறங்கியபிறகு, அழுகை நின்றபிறகு மறுபடி எண்ணுங்கள். நன்றாக இருக்கும் நாளில் உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்று இரண்டு மூன்று முறை எண்ணி எழுதி வைத்திருந்தால், இரவு இரண்டு மணிக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

எண்ணும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். விலா எலும்பு முடிந்து வயிறு தொடங்கும் இடம் மூச்சு இழுக்கும்போது உள்ளே குழி விழுகிறதா? கழுத்துக்குக் கீழே, நெஞ்செலும்புக்கு மேலே இருக்கும் பள்ளம் உள்ளே இழுக்கிறதா? மூக்குத் துவாரம் விடைக்கிறதா? இப்படி இருக்கும்போது நல்ல வெளிச்சத்தில் அரை நிமிட வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். காலையில் டாக்டரிடம் போகும்போது பெரும்பாலும் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். வாயால் எவ்வளவு விவரித்தாலும் அந்த வீடியோவுக்கு ஈடாகாது.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கியிருந்தால் ஓர் எச்சரிக்கை. பெரியவர்களுக்கான கிளிப் ஒரு வயதுக் குழந்தையின் விரலில் சரியாகப் பிடிக்காது, தப்பான எண் காட்டும். கால் கட்டைவிரலில் வைத்து, கால் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருங்கள். 95க்கு மேல் சரி. 92க்குக் கீழே போனால் கிளம்ப வேண்டும். கருவி 97 காட்டுகிறது, ஆனால் பிள்ளையின் நெஞ்சு குழி விழுகிறது என்றால் பிள்ளையை நம்புங்கள்.

எப்போது எதற்கும் காத்திருக்கக் கூடாது

உதடோ நாக்கோ நீலம் பாய்வது, பால் குடிக்கவோ பேசவோ முடியாத அளவு இளைப்பு, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், மூச்சுக்கு மூச்சு தலை ஆடுவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காத சோர்வு. இதில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். படுக்க வைக்காமல் மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். அந்த நிலையில் பாலோ தண்ணீரோ புகட்டாதீர்கள், புரையேறிவிடும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விசில் சத்தம் திடீரென்று நின்றுபோய், பிள்ளையும் ஓய்ந்து கிடந்தால், சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். காற்றே போதுமான அளவு போகாதபோதும் சத்தம் வராது. சத்தம் குறைந்து, பிள்ளை விளையாடத் தொடங்கினால்தான் குணம். சத்தம் குறைந்து சோர்வு கூடினால் அது எல்லாவற்றையும்விட மோசமான அறிகுறி.

இன்ஹேலரும் ஸ்பேசரும்

இன்ஹேலர் என்றாலே பெரிய வியாதிக்காரருக்கானது, பழக்கமாகிவிடும் என்ற பயம் நம்மிடம் ஊறியிருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து சால்பூட்டமால். அதன் சிரப் 5 மி.லி.யில் 2 மி.கி. மருந்து இருக்கிறது. இன்ஹேலரின் ஒரு பஃப்பில், அதாவது ஒருமுறை அழுத்தினால் வருவதில், 100 மைக்ரோகிராம். ஐந்து மி.லி. சிரப் இருபது பஃப்புக்குச் சமம். அதிலும் சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, மெதுவாகத்தான் நெஞ்சுக்கு வருகிறது. சிரப் குடித்த பிள்ளைக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். இன்ஹேலர் நேராக நுரையீரலுக்குப் போய் ஐந்து பத்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். லெவோசால்பூட்டமால் என்றால் ஒரு பஃப் 50 மைக்ரோகிராம்தான். அது பாதி வீரியம் என்று நினைத்து இரட்டிப்பாக்க வேண்டாம், 100 சால்பூட்டமாலுக்கு அது சமம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் வாயில் இன்ஹேலரை நேராக வைத்து அடித்தால் மருந்து தொண்டையிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாயான ஸ்பேசர் கட்டாயம். கேப்சூலுக்குள் இருக்கும் பொடியை இழுக்கும் ரோட்டாஹேலர் வகையும் இந்த வயதுக்கு ஆகாது, வேகமாக உறிஞ்சும் பலம் பிள்ளைக்கு இருக்காது. ஸ்பேசர் வாங்கும்போது வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். வால்வு இல்லாததும் கடையில் கிடைக்கும். கொள்ளளவு 350 மி.லி.க்குக் குறைவாக இருப்பது சின்னக் குழந்தைக்கு நல்லது. மாஸ்க் தனியாக வாங்க வேண்டியிருக்கும். மூக்கின் மேற்பகுதியிலிருந்து தாடைக்கு மேல்வரை மூடி, கண்ணைத் தொடாமல் இருந்தால் அதுதான் சரியான அளவு. நான்கு வயது ஆனதும் பிள்ளையால் உதட்டை இறுக்கிப் பிடிக்க முடிந்தால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வாய்க்குழாய்க்கு மாறலாம். மூக்கில் தங்கும் மருந்து மிச்சம்.

கொடுக்கும் முறை:

1. புது இன்ஹேலராக இருந்தாலும், பல நாளாகத் தொடாமல் இருந்தாலும் இரண்டு மூன்று முறை காற்றில் அடித்துவிடுங்கள். மூடிக்குள் தூசியோ எறும்போ இல்லை என்று பாருங்கள்.
2. நன்றாகக் குலுக்குங்கள். ஐந்தாறு முறை, மேலும் கீழும்.
3. ஸ்பேசரின் பின்பக்கத்தில் இன்ஹேலரை நிமிர்ந்த நிலையில் செருகுங்கள். சாய்த்துப் பிடித்தால் அளவு குறையும்.
4. பிள்ளையை உங்கள் மடியில், முதுகு உங்கள் நெஞ்சில் படும்படி உட்கார வையுங்கள். இன்னொருவர் இருந்தால் எதிரே உட்கார்ந்து மாஸ்க்கைப் பிடிக்கலாம்.
5. மாஸ்க்கைக் கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். பக்கத்தில் சிறு விரல் நுனி நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் மருந்தில் பெரும்பகுதி வெளியே போய்விடும்.
6. ஒரே ஒரு பஃப் அடியுங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து மூச்சு எண்ணுங்கள். வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
7. அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பேசர் சுவரில் படிந்துவிடும்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள். கைக்குழந்தைக்குக் கொஞ்சம் தண்ணீரோ பாலோ கொடுத்து, மாஸ்க் பட்ட முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படிவம் வரலாம்.

‘அழட்டும், அழும்போதுதான் ஆழமாக மூச்சு இழுக்கும்’ என்று ஆஸ்பத்திரியிலேயே சிலர் சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. அழும் குழந்தை நீளமாக வெளியே விட்டு, சட்டென்று ஒரு இழுப்பு இழுக்கும். மருந்து தொண்டையோடு நின்றுவிடும், நுரையீரலுக்குப் போவது மிகச் சொற்பம். அதனால்தான் நல்ல நாளில் பழக்கச் சொல்கிறோம். முதல் இரண்டு மூன்று நாள் மருந்தே இல்லாமல் மாஸ்க்கை மட்டும் விளையாட்டுப் பொருளாகக் கொடுங்கள். பொம்மைக்கு வைக்கட்டும், உங்களுக்கு வைக்கட்டும். பிறகு ‘பத்து எண்ணும்வரை’ என்று சொல்லி முகத்தில் வைத்து, சொன்னபடி பத்தில் எடுத்துவிடுங்கள். பதினைந்துவரை இழுத்தால் அடுத்த முறை நம்பாது.

ஸ்பேசரை மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பிளாஸ்டிக்கில் உருவாகும் நிலைமின்சாரம் மருந்துத் துளிகளைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, குழாய்ப்பகுதியை முக்கி எடுத்து, அலசாமல், துடைக்காமல், அப்படியே கவிழ்த்துக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் கூடும். மாஸ்க்கை மட்டும் நல்ல தண்ணீரில் அலசிவிடலாம், முகத்தில் படுவது. புது ஸ்பேசருக்கும் பயன்படுத்தும் முன் இதே குளியல் வேண்டும்.

இன்ஹேலர் தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது பழைய பழக்கம், நம்ப முடியாது. மருந்து தீர்ந்தபிறகும் உள்ளிருக்கும் வாயு வெறுமனே ‘புஸ்’ என்று வந்துகொண்டிருக்கும். எண் காட்டும் வகை வாங்குங்கள். இல்லையென்றால் டப்பாவில் தொடங்கிய தேதியை எழுதுங்கள். 200 பஃப் உள்ள தடுப்பு இன்ஹேலர், காலை இரண்டு மாலை இரண்டு என்றால் 50 நாளில் முடியும்.

நெபுலைசர் வாங்கலாமா?

வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் தேவைப்படாத அளவு இளைப்புக்கு, ஒழுங்காகக் கொடுத்த ஸ்பேசர் நெபுலைசருக்குச் சற்றும் குறைந்ததில்லை. மின்சாரம் வேண்டாம், பத்து நிமிடம் பிடித்து உட்கார வேண்டாம், பேருந்திலும் கொடுக்கலாம். எங்கள் அபிப்பிராயத்தில் முதல் செலவு நல்ல ஸ்பேசருக்கே; நெபுலைசர் பிறகு யோசிக்க வேண்டியது.

ஏற்கெனவே இருந்தால் சிலவற்றை மட்டும் கவனியுங்கள். கிண்ணத்தில் மொத்தம் 3 முதல் 4 மி.லி. இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மி.லி. எப்படியும் அடியில் தங்கிவிடும், 2 மி.லி. மட்டும் ஊற்றினால் பாதிதான் கிடைக்கும். அளவைக் கூட்ட நார்மல் சலைன் எனப்படும் கிருமி நீக்கிய உப்புநீர் மட்டுமே சேர்க்க வேண்டும். குடிதண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ கலந்தால் மூச்சுக்குழாய் இன்னும் இறுகும். மாஸ்க்கை முகத்துக்கு முன் ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் அறைதான் மருந்து குடிக்கும். புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை அல்ட்ராசோனிக் வகைக் கருவியில் போடக்கூடாது, அதற்குக் கம்ப்ரஸர் வகை வேண்டும். ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் கழுவி முழுதாகக் காயவைக்காவிட்டால் கிருமிகளை நேராக நெஞ்சுக்குள் ஊதுவதாகிவிடும். இன்னொரு விஷயம்: வெந்நீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிப்பது வேறு, இது வேறு. ஆவி மூச்சுக்குழாயைத் திறக்காது. பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவதுதான் அதில் உறுதியாக நடக்கும்.

இளைப்பு தொடங்கிவிட்டது, என்ன செய்வது?

உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த திட்டம் இருந்தால் அதன்படிதான். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்குங்கள், ஒரே ஒரு தாளில், மருந்தின் பெயரும் பஃப் எண்ணிக்கையும் தெளிவாக. உலக அளவில் பின்பற்றும் ஆஸ்துமா வழிகாட்டியில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குச் சொல்லியிருப்பது இது: சால்பூட்டமால் 100 இரண்டு பஃப், ஒன்றன்பின் ஒன்றாக, ஸ்பேசரில். தேவைப்பட்டால் 20 நிமிடம் கழித்து மறுபடி இரண்டு, இன்னொரு 20 நிமிடம் கழித்து இன்னும் இரண்டு. முதல் இரண்டு மணி நேரத்தில் ஆறு பஃப்புக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நான்கு மணி நேரம்கூடத் தாங்காமல் திரும்ப வந்தாலும் அப்படியே. ஒரு நாள் முழுக்கக் கொடுத்தும் தெளியவில்லை என்றாலும் பார்த்தே ஆக வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சில மணி நேரமாகத் திரும்பத் திரும்ப மருந்து தேவைப்பட்டால் அன்றே காட்டுங்கள்.

கொடுத்த நேரத்தை எழுதிக்கொண்டே வாருங்கள். இரவு மூன்று மணிக்கு ‘எத்தனை தடவை கொடுத்தோம்?’ என்று கணவனும் மனைவியும் வாதிடுவதைவிடக் காலண்டர் ஓரத்தில் கிறுக்குவது நல்லது. மூச்சு ஓரளவு இலகுவாக இருந்தால் பாலோ கஞ்சியோ கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வயிறு முட்டக் கொடுத்தால் இருமி வாந்தி எடுக்கும்.

போன தடவை எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு சிரப் பாட்டில் பீரோவில் மிச்சம் இருக்கும். நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். தெளிந்தாலும் ஓரிரு நாளில் டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். பிள்ளை விளையாடத் தொடங்கியதும் இந்த வருகையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தேதி, எதனால் தொடங்கியது, ஆஸ்பத்திரியில் தங்கினீர்களா, ஸ்டீராய்டு சிரப் கொடுத்தார்களா என்று ஒரு நோட்டில் ஒரு வரி போதும். தினசரி மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் அந்த வரிகளை வைத்தே முடிவு செய்வார்.

தினசரித் தடுப்பு மருந்து

நிவாரண இன்ஹேலர் இறுக்கத்தைத் தளர்த்தும். தடுப்பு இன்ஹேலர் வீக்கத்தைக் குறைக்கும். முதலாவது தேவைப்படும்போது மட்டும், இரண்டாவது பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும். இரண்டின் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல் பெயரைப் படித்து, கொட்டை எழுத்தில் ‘தினமும்’, ‘இளைத்தால்’ என்று பேப்பர் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் தடுப்பு மருந்தை அடித்துவிட்டு ஏன் குறையவில்லை என்று தவிக்கும் வீடுகள் நிறைய.

தடுப்பு இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுபவர்கள் அதைவிட அதிகம். பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒரு கிலோவுக்கு ஒரு மி.கி. என்று ஐந்து நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் கொடுத்தால் மொத்தம் 50 மி.கி. நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் புடெசோனைடு இழுத்தால் 50 மி.கி. ஆக 250 நாள் ஆகும். இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு என்பதால் இதை நேரடி ஒப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் வருடத்துக்கு நான்கு தடவை சிரப்புக்குச் சம்மதிப்பவர்கள் இன்ஹேலருக்கு அஞ்சுவதில் பொருளில்லை. பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டோம். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையலாம். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து, முடிந்தால் அளவைக் குறைக்கச் சொல்கிறார்கள். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரிடம் கேட்டுத்தான், சளி சீசன் இல்லாத மாதத்தில்.

மாண்டெலுகாஸ்ட் என்ற தடுப்பு மருந்து கொடுத்திருந்தால், தொடங்கிய பிறகு பிள்ளை கெட்ட கனவு கண்டு அலறுகிறதா, எரிந்து விழுகிறதா என்று கவனியுங்கள். இதற்காகவே 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துக்குக் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. அப்படித் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கைமருந்தும் கடை மருந்தும்

இருமல் சிரப்பைக் கடையில் கேட்டு வாங்குவதை அடியோடு விடுங்கள். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. நச்சுக் கலந்த இருமல் சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தது 2025இல். அந்த சிரப் தயாரானது தமிழ்நாட்டில்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதிச் சளி எடுப்பது இரண்டையும் நிறுத்த வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கரையாமல் அங்கேயே தங்கி நிமோனியா உண்டாக்கும். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது. கற்பூரவல்லிச் சாறு, தூதுவளை ரசம் போன்றவற்றைச் சாப்பாடு சாப்பிடும் வயதுப் பிள்ளை கொஞ்சம் சாப்பிட்டால் கெடுதல் இல்லை. இளைப்புக்கு அதுதான் மருந்து என்று இன்ஹேலரைத் தள்ளிப்போடாதவரை. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை எலும்பும் தோலுமாக்க வேண்டாம். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டதும் ஒவ்வொரு முறையும் தடிப்போ வாந்தியோ இளைப்போ வந்தால் அதை மட்டும் நிறுத்தி, டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதையெல்லாம் நீங்கள் சொல்லிச் சண்டை வளர்ப்பதைவிட, அடுத்த முறை பாட்டியையும் கூட்டிப்போய் டாக்டர் வாயால் சொல்ல வைப்பது சுலபம்.

வீட்டுக்குள் புகை, தூசி

முதல் எதிரி கொசுவர்த்தி. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்கு நிகர் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று அளந்து சொன்னது. கொசுவலைதான் மாற்று. அடுத்தது குளித்ததும் தலைக்குப் போடும் சாம்பிராணி. முடி காயத் துண்டு போதும். ஊதுபத்தி, மிளகாய் தாளிக்கும் நெடி, முகப் பவுடர், ரூம் ஸ்ப்ரே எல்லாம் இதே வரிசைதான். அப்பா மொட்டை மாடியில் சிகரெட் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் மூச்சிலும் புகை கூடவே வரும். போகி அதிகாலையிலும் தீபாவளி இரவிலும் ஜன்னலைச் சாத்திப் பிள்ளையை உள்ளே வைத்திருங்கள். அந்த வாரம் தடுப்பு மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

தூசிப்பூச்சி இருப்பது மெத்தையிலும் தலையணையிலும் பஞ்சு பொம்மையிலும். உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். பிள்ளை வீட்டில் இருக்கும்போது ஒட்டடை அடிக்காதீர்கள், பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். ஏசி போடலாம், வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும்.

தடுப்பூசியில், ஃப்ளூ ஊசி ஆறு மாதத்திலிருந்து போடலாம். முதல் வருடம் நான்கு வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் போட்டுவிடுவது நல்லது. இது தனியாரிடம்தான். நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் ஊசி 2021 முதல் அரசு அட்டவணையிலேயே இருக்கிறது, ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என மூன்று தவணை.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும்

ஓடாதே, விளையாடாதே என்று கட்டிப்போட வேண்டியதில்லை. ஓடினால் இளைக்கிறது என்றால் மருந்து போதவில்லை என்று பொருள். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு ஜிப் பையில் இன்னொரு நிவாரண இன்ஹேலர், மாஸ்க்குடன் ஸ்பேசர், தமிழில் எழுதிய ஒரு தாள் போட்டு டீச்சரிடம் கொடுங்கள். தாளில் மூன்று விஷயம்: எப்படி இருந்தால் கொடுக்க வேண்டும், எத்தனை பஃப், யாருக்கு போன் செய்ய வேண்டும். கொடுத்துவிட்டு வந்தால் போதாது. டீச்சரும் ஆயாவும் ஒருமுறை கையால் செய்து காட்டும்வரை அங்கேயே இருங்கள். பையை வெயில் படும் ஜன்னலோரத்திலோ பூட்டிய அலமாரியிலோ வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது காலாவதித் தேதியையும், மாஸ்க் இன்னும் முகத்துக்கு அளவாக இருக்கிறதா என்பதையும் பார்த்து மாற்றுங்கள்.